தங்கமணி விசாவும் சம்பளச் சீட்டும்

தங்கமணியோட பிரிட்டன் விசாவை நீட்டிக்க ஆறு மாச சம்பளச் சீட்டை அடுக்கிட்டிருக்கேன்.

2012-ல 18,600 பவுண்டா வச்ச வருமான வரம்பு, 2024 ஏப்ரல் 11-ல 29,000 ஆச்சு. அதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சு, அதே துணையோட நீட்டிக்கிறவங்களுக்குப் பழைய வரம்புதான். நாங்க பொழைச்சோம். மத்தவங்க?

2025 ஏப்ரல்ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் உழைச்சாலும் வருஷத்துக்கு 25,400-க்குள்ளதான். அப்ப கடையில நிக்கிறவன் கட்டிக்கிட்டவளைக் கூட்டிட்டு வரக்கூடாதா?

இதுல கூத்து என்னன்னா, மொதத் தடவை வர்றப்ப மனைவியோட ஊர்ச் சம்பளம் கணக்குல வராது. நீட்டிக்கும்போது அவங்க இங்க சம்பாதிக்கிறதும் சேரும். ரெண்டு பேர் சம்பாத்தியத்துலதான் குடும்பம் ஓடும்னு விதியே ஒத்துக்குது. அதை மொதல்லயே ஒத்துக்கிட்டா, புருஷன் ஒரு நாடு பொண்டாட்டி ஒரு நாடுன்னு கிடக்க வேண்டாமே! நீங்க என்ன சொல்றீங்க?