டாமுக்கு வலிக்காது

"நீ யாரு?"

"டாம்."

"டாமுக்கு ஏதுடா பவர்? அது எலிகிட்ட அடிவாங்குற பூனை. வேற ஆளச் சொல்லு."

"இல்ல, நான் டாமுதான்."

"அப்ப பவர் என்ன?"

பையனுக்கு ஆறு வயது இருக்கும். அண்ணாந்து சில்வர் ஓக் மரத்தின் உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சொன்னான்: "எனக்கு வலிக்காது."

கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் மிளகுத் தோட்டம் இருக்கிறது. மே மாதக் கடைசியில் நான்கு நாள் அங்கே தங்கியிருந்தேன். தோட்டத்தை ஒட்டி ஒரு பெரிய சரிவுப் பாறை. பள்ளி விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் கோட்டை, அரண்மனை, எதிரியின் தீவு எல்லாம். விளையாட்டுக்குத் தலைவி பதினோரு வயதுப் பெண். குச்சியை நீட்டி வழிமறித்து, கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே ஒவ்வொருவரையும் பாறைமேல் ஏற விடுவாள். டிவி கார்ட்டூனிலிருந்து யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிவியில் வருகிற மாதிரியே வரக் கூடாது. அந்த ஆளை சூப்பர் ஹீரோ ஆக்கிக் கொண்டுவர வேண்டும். புதுசாக ஒரு பவர் வேண்டும், அது எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். இவ்வளவும் அவள் போட்ட சட்டம்.

ஆறு வயதுப் பையன் சொன்ன பதிலில் நான் அப்படியே நின்றுவிட்டேன். 1940இல் ஹன்னாவும் பார்பெராவும் படைத்த பூனை அது. இஸ்திரிப் பெட்டி விழுந்து தட்டையாகும், வெடி வெடித்துக் கரியாகும், கதவிடுக்கில் சிக்கித் தாள் போல மெலியும். அடுத்த காட்சியில் வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்கும். எண்பது வருடத்துக்கும் மேலாக உலகமே அதைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்தப் பையன் அதில் ஒரு பலத்தைப் பார்த்திருக்கிறான். அவன் டாமுக்குப் புதிதாக எதையும் ஒட்டவைக்கவில்லை. அதனிடம் முதலிலிருந்தே இருந்ததைச் சக்தி என்று பெயர் சொல்லி அழைத்தான், அவ்வளவுதான். தலைவி ஒரு கணம் யோசித்துவிட்டுக் குச்சியைத் தூக்கி வழிவிட்டாள்.

நான் மலைக்குக் கீழே, சேந்தமங்கலத்தில் வளர்ந்தவன். கிழக்கே பார்த்தால் கொல்லிமலை நீலமாக நிற்கும். எங்கள் காலத்து வீரன் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன் கதைதான். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான், அந்த இரும்புக் கை மட்டும் தெரியும். சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சேர்த்துச் சேர்த்து முழங்கை வரை சுற்றிக்கொள்வேன். மின்சாரத்துக்கு அப்பாவின் சைக்கிள் டைனமோ.

மாயாவியாக நடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மறைவது நம் கையில் இல்லை. நான் நடுத்தெருவில் நின்றுகொண்டிருப்பேன். கூட்டாளிகள் என் முகத்தைப் பார்க்காமல், என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு, "ஐயோ, கை மட்டும் வருதுடா!" என்று அலறினால்தான் நான் மறைந்தவன். ஒருவன் சண்டை போட்டுக்கொண்டு "தெரியுது போடா" என்று சொல்லிவிட்டால் மாயம் போய்விடும். தெருக்கூத்தில் ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும்போது கட்டியங்காரன் வந்து, வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன பெருமை என்று கேட்டு வாங்குவானே, அதுவும் இதே வேலைதான். வாயிலில் ஒருவன் கேட்டுச் சபை ஒப்புக்கொண்ட பிறகே கட்டைக் கிரீடம் கிரீடமாகிறது. பாறைமேல் குச்சியோடு நின்ற அந்தப் பெண்ணுக்குக் கட்டியங்காரனின் வேலையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த மாயாவி பற்றிப் பின்னால் தெரிந்துகொண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். 1962இல் 'வேலியன்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் இதழில் அவன் முதலில் வந்தபோது நல்லவன் இல்லை. மறையும் சக்தி கிடைத்ததும் தப்பான வழியில் இறங்கியவன். பிறகுதான் உளவாளியானான், நடுவில் கொஞ்ச காலம் சூப்பர் ஹீரோ உடுப்பைக்கூட மாட்டிக்கொண்டான். ஒரு பாத்திரத்தை எடுத்து மறுபடி செய்வது படைத்தவர்களே செய்கிற வேலைதான்.

அதிலும் உலகத்துக் கார்ட்டூன்களில் இந்த மறுபடைப்பு எங்கிருந்தெல்லாம் பிறந்திருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் சமையலறைதான். பாப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் ஒரு தொடர்ச் சித்திரக்கதையின் நடுவில் கூலிக்கு வந்த மாலுமி அவன். சூப்பர்மேன் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்கினான். அப்போது அவன் பசலைக்கீரை தின்னவில்லை. அதிர்ஷ்டம் தரும் ஒரு கோழியின் தலையைத் தடவித் தடவித்தான் பிழைத்தான். கீரை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. டெக்சாஸில் கீரை பயிரிடும் கிரிஸ்டல் சிட்டி என்ற ஊர்க்காரர்கள் 1937இல் அவனுக்குச் சிலையே வைத்தார்கள். 1942இல் வந்த மைட்டி மவுஸ், பூனைகளுக்குப் பயந்து ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஓடி ஒளிந்த சாதாரண எலி. அங்கே 'சூப்பர்' என்று பெயர் போட்ட சோப்பில் குளித்து, சூப்பைக் குடித்து, பாலாடைக்கட்டிக்குள் குதித்து வெளியே வரும்போது சூப்பர் எலி. டிஸ்னியின் கூஃபியை 1965இல் வீரனாக்கியபோது அவனுக்குக் கொடுத்தது நிலக்கடலை. கொல்லைப்புறத்தில் விளைந்த கடலை. தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்று தின்பான், சமயத்தில் பலம் தீர்ந்துபோய் நடுவானத்திலிருந்து விழுவான். நம் சோட்டா பீம் 2008இல் வந்தான், அவனுக்கு லட்டு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டொனால்ட் வாத்தின் கதை. 1934இல் பிறந்தது முதல் தோற்றுக்கொண்டே இருக்கிற வாத்து. மாமா திட்டுவார், அதிர்ஷ்டக்கார அத்தை மகன் பரிசுகளை அள்ளிக்கொண்டு போவான். இத்தாலிப் பிள்ளைகள் அதைப் படித்துப் படித்து, இவன் ஒரு தடவையாவது ஜெயிக்கக் கூடாதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். எலிசா பென்னா என்ற இதழாசிரியை அதைக் காதில் போட்டுக்கொண்டார். குயிதோ மார்த்தினா எழுத, கார்ப்பி வரைய, 1969 ஜூனில் 'பாப்பெரினிக்' பிறந்தான். அத்தை மகனுக்கு வரவேண்டிய ஒரு கடிதம் தவறி டொனால்டிடம் வருகிறது. அதன் மூலம் ஒரு பழைய மாளிகை, அதற்குள் மறைந்துபோன முகமூடித் திருடன் ஒருவனின் உடுப்பும் நாட்குறிப்பும். அவற்றை வைத்துக்கொண்டு வாத்து முதலில் தன்னை ஏய்த்தவர்களைப் பழிவாங்குகிறது. ஊரைக் காக்கும் வேலை அப்புறம்தான் வருகிறது. இந்த வரிசை நேர்மையானது. அடிபட்டவனுக்கு முதலில் தன் கணக்கைத் தீர்க்கத்தான் தோன்றும். பிள்ளைகள் விளையாடும்போதும் முதல் பத்து நிமிடம் பழிவாங்கல்தான், அதன் பிறகே மற்றவர்களைக் காப்பாற்றப் போவார்கள். பாறைமேல் நான் பார்த்ததும் அப்படியேதான் நடந்தது.

பாறைமேல் ஏறிய மற்றவர்களைச் சொல்கிறேன். எட்டு வயது பீம் ஒருவன். லட்டு வேண்டாம் என்றுவிட்டான். "பலாச்சுளை தின்னா பவர் வரும். கொட்டையோட முழுங்கினா ரெண்டு மடங்கு." பலாக் காலம், கை நிறையச் சுளை வைத்திருந்தான், பிசின் வேறு ஒட்டியிருந்தது. அந்தப் பிசினும் ஆயுதமாகிவிட்டது, எதிரியைத் தொட்டால் ஒட்டிக்கொள்வான். இன்னொருவன், கார்ட்டூனில் சமோசா தின்று பலம் பெறும் மோட்டு. சமோசாவுக்குப் பதில் சுட்ட குச்சிக்கிழங்கு. அவன் வீட்டுக் கிழங்குக் காட்டைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போயிருந்ததாம். அவனுடைய மோட்டுக்கு இரவில் கண் தெரியும், தூங்கவே மாட்டான், பன்றி மண்ணைத் தொட்டதும் இவன் காலில் கூசும். காவலுக்குப் போய்க் கண் சிவந்து வரும் அப்பாவைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறென்ன சக்தி தோன்றும்?

தலைவியே ஜெர்ரி. சுண்டெலி. "ஜெர்ரி நிக்கிற எடத்துல டவர் கெடைக்கும்" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. போன் பேசுவதற்கு வீட்டிலிருந்து இறங்கி, மேட்டில் ஏறி, ஒரு குறிப்பிட்ட மரத்தடியில் நின்றால்தான் அவர்களுக்குச் சிக்னல். ஜெர்ரி பொந்துக்குள் இருந்தாலும், ஓடையில் நின்றாலும், அவளைச் சுற்றிப் பத்தடிக்கு நாலு கோடும் இருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஜெர்ரியைக் கூப்பிட்டால் போதும், வண்டிக்குப் போன் போட்டுவிடலாம். வண்டி வரும்வரை நோயாளியைத் தாங்குவது யார்? டாம். அவனுக்குத்தான் வலிக்காதே, அவன் தன் முதுகில் வலியை வாங்கிக்கொள்வானாம். இந்த ஏற்பாட்டை அவர்கள் விளையாட்டின் நடுவிலேயே, மூச்சு வாங்கிக்கொண்டு, நின்ற நிலையில் செய்தார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழ்கிறவர்கள். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குவதற்குள் நோயாளிக்கு என்ன ஆகும் என்ற கவலையைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

சந்தையில் விற்கும் சூப்பர் ஹீரோ உடுப்புகளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் வந்தது அன்றைக்குத்தான். அட்டையிலேயே பெயரும் சக்தியும் அச்சாகி வருகிறது. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், படம் எடுக்கலாம். "உன் பவர் என்ன?" என்று கேட்க அங்கே வேலையில்லை. பழைய துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்ட பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி அந்தப் பாறைப் பிள்ளைகளிடம் கேட்டேன். செம்மேட்டில் சிலை இருக்கிறது, ஆடி 18ஐ ஒட்டி அரசு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டி நடக்கிறது. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். "ஒரே அம்புல அஞ்சு" என்று பீம் விரல் மடக்கினான். யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பு. பன்றி வரும்போது மட்டும் மோட்டு, "எங்க கிழங்கத் தின்ன பன்றி" என்று சேர்த்துக்கொண்டான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொன்னதற்கு இதைவிட நல்ல உரையை நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டில் அம்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பின் நடப்பதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். காட்டுவழியே பாணர் கூட்டம் ஒன்று வருகிறது. மார்பில் ஆரம் தொங்கும் வேட்டுவன் ஒருவன் அம்பு விட்டதைப் பார்க்கிறார்கள். விலைக்கு வேட்டையாடுபவன் மாதிரித் தெரியவில்லை, ஓரியோ, வேறு யாரோ என்று அவர்களுக்குள் சந்தேகம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் யாழெடுத்துப் பாடி, முறைப்படி எல்லாம் பாடி முடித்து, அரசே என்று விளிக்கிறார்கள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த மாவீரன் வெட்கப்படுகிறான். வெட்கப்பட்டுக்கொண்டே மான்கறியும் மதுவும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். யார் என்று சொல்லாமல் வந்து காரியம் முடிக்கும் வீரன், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த மலையில் நடமாடியிருக்கிறான். முகமூடி மட்டும்தான் இல்லை.

"ஏன் வெக்கப்பட்டாரு?" என்று தலைவி கேட்டாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நீயே யோசிச்சுப் பாரும்மா" என்றேன். அவளும் விடவில்லை, "கண்டுபிடிச்சிட்டாங்கள்ல, அதான் சார்" என்று தானே பதிலும் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பினேன். செம்மேடு பஸ் நிலையத்தில் பனி இன்னும் விலகவில்லை. அன்னாசிப்பழக் கடைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம் ஆறு வயதுக்காரன். தலையில் எண்ணெய் வழிய, பட்டன் எல்லாம் சரியாகப் போட்ட சட்டையில், முற்றிலும் வேறு பிள்ளையாக நின்றான். முழங்காலில் நேற்றைய பாறையின் சிராய்ப்பு, அதன்மேல் மஞ்சள் பற்று.

"என்ன டாம், வலிக்குதா?" என்று கேட்டேன்.

பாட்டி, "யாருங்க டாமு?" என்று என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். அவன் சட்டென்று அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பஸ் திரும்பும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாட்டியின் தோளுக்கு மேலே அவன் கை மட்டும் தெரிந்தது.