வாலிபர் கையில் மோட்டார் சைக்கிள்

வருஷந்தோறும் கலாசாலைகள் திறக்கும் காலத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பல வீடுகளில் ஒரே விவாதம் நடைபெறுகிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது, படிக்கவோ வேலைக்கோ போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும், எதை வாங்குவது? தகப்பனார் விலையையும் பெட்ரோல் செலவையும் பார்க்கிறார். தாயாருக்குக் கவலை. பிள்ளையோ ஒவ்வொரு வண்டியின் சி.சி.யையும் குதிரைச் சக்தியையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறான். முடிவில் ஜெயிப்பது பெரும்பாலும் பிள்ளைதான்.

இது குடும்ப விவகாரம், இதில் பத்திரிகைகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சாலைகளில் விபத்தினால் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே வருஷத்தில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் ஸ்தானம் வகித்தது நமது தமிழ்நாடு: 64,105 விபத்துக்கள், 17,884 மரணங்கள். இவை மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்குகள். இத்தனை உயிர்கள் போகும் விஷயம் ஒரு வீட்டின் கூடத்தோடு முடிந்துவிடும் விவகாரமாக இருக்க முடியாது. இது பொது விவகாரம், சட்டத்தின் விவகாரம்.

அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிள்களை லைசென்ஸ் பொருட்டு இரண்டே வகையாகப் பிரிக்கிறது: கியர் இல்லாதது, கியர் உள்ளது. அவ்வளவுதான். மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பரீட்சைக்கு ஒரு வாலிபன் 100 சி.சி. வண்டியில் வருகிறான், எட்டுப் போட்டுக் காட்டுகிறான், கால் தரையில் படாமல் சுற்றிவிட்டால் தேறிவிட்டான். அன்று கிடைக்கும் அந்த ஒரு லைசென்ஸைக் கொண்டே அவன் மறுநாள் 1,000 சி.சி. வண்டியில் ஏறி அண்ணா சாலையில் போகலாம். தடுப்பாரில்லை, தடுக்கச் சட்டமுமில்லை. எட்டு நூறு குதிரைகளுக்குச் சமமாகிவிடுகிறது!

சி.சி. பேதம் சர்க்காருக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகத் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வரி. அதற்கு மேற்பட்டவற்றுக்கு நூற்றுக்கு நாற்பது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த மூன்றாம் நபர் இன்ஷியூரன்ஸ் விகிதங்களைப் பாருங்கள்: 75 சி.சி. வரை வருஷத்திற்கு 538 ரூபாய். 150 வரை 714. 350 வரை 1,366. அதற்கு மேல் 2,804. பெரிய எஞ்சினால் பிறருக்கு நேரக்கூடிய அபாயம் அதிகம் என்று கணக்குப் போட்டுத்தானே ஐந்து மடங்குக்கும் மேல் வசூலிக்கிறார்கள்? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கு 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் கட்டாயம். அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு இரண்டு சக்கரங்களையும் ஒருங்கே பிடிக்கும் கூட்டுப் பிரேக்கு போதுமென்று அப்போது விதி வகுத்தார்கள். ஆக, வரி வசூலிப்பவருக்குப் பேதம் தெரிகிறது, இன்ஷியூரன்ஸ்காரருக்குத் தெரிகிறது, பிரேக்கு விதி எழுதியவருக்கும் தெரிகிறது. லைசென்ஸ் கொடுப்பவருக்கு மாத்திரம் எல்லாம் ஒன்றாகத் தோன்றுவது என்ன விந்தை!

சட்டத்தில் ஒரே ஒரு படி இல்லாமலில்லை. பதினாறு வயது நிரம்பியவர் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம் என்று நான்காவது பிரிவு அனுமதிக்கிறது. 1980-இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 நமது கிராமங்களிலும் பட்டணங்களிலும் ஓடிய காலத்தில் அந்தப் படிக்கு அர்த்தம் இருந்தது. அந்த வம்சத்தில் பின்வந்த எக்ஸ்.எல். 100-இன் எஞ்சினே 99.7 சி.சி. கடைக்குப் போய் 50 சி.சி. வண்டி கேட்டால் சிரிப்பார்கள். படி சட்டப் புஸ்தகத்தில் இருக்கிறது. கால் வைக்க இடமில்லை. விளைவு என்ன? பதினாறு வயதுப் பையன் தகப்பனார் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுக்கிறான். 2019-ஆம் வருஷத் திருத்தத்தின்படி அதற்காகத் தகப்பனாருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. தண்டனை மலையளவு, பழகுவதற்கு வழியோ கடுகளவும் இல்லை.

பாட்டரி வண்டிகளின் கதை இன்னும் வேடிக்கை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பலகையும் வேண்டாம். அந்த வரம்பைத் தாண்டினால் எல்லாம் ஒரே கும்பல். பாட்டரி மோட்டாருக்கு சி.சி. என்பதே கிடையாது, பிடியைத் திருகிய மாத்திரத்தில் முழு இழுவையும் வந்துவிடுகிறது. கியர் இல்லாத காரணத்தால் அதை எளிய வண்டி என்று கருதுவது பழைய காலத்துக் கணக்கு. கிலோவாட்டில் அளந்தாலன்றி அதை அளந்ததாகாது.

பிற தேசங்கள் என்ன செய்திருக்கின்றன? ஐரோப்பிய யூனியனில் 2013 ஜனவரி 19 முதல் அமலிலுள்ள முறையில் மூன்று படிகள். முதற்படியில் 125 சி.சி.யும் 11 கிலோவாட்டும் உச்ச வரம்பு. இரண்டாம் படியில் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைச் சக்தி. வண்டியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் இவ்வளவு சக்திக்கு மேற்படக் கூடாது என்றும் விதியுண்டு. அந்தப் படியில் இரண்டு வருஷம் பழகிய வாலிபர் வரம்பில்லாத லைசென்ஸ் பெறலாம். நம்மவர் பல தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில் முதல் லைசென்ஸ் 200 சி.சி. வரை, ஒரு வருஷமாவது கழித்துப் பரீட்சை கொடுத்தால் 400 வரை, பின்னும் ஒரு வருஷம் கழித்தே அதற்கு மேல். அங்குள்ள தமிழ் வாலிபன் இதைத் தன் ஆண்மைக்கு இழுக்கு என்று எண்ணுவதில்லை. தஞ்சாவூரிலோ தியாகராய நகரிலோ பிறந்தவனுக்கு மட்டும் அது எப்படி இழுக்காகும்?

ஆயினும் அயலார் சட்டத்தை அப்படியே பெயர்த்து நடுவதை நாம் ஆதரிக்கவில்லை. 35 கிலோவாட் என்ற வரம்பை இங்கே வைத்தால், நமது சாலைகளில் ஓடும் அநேகமாக எல்லா வண்டிகளும் அதற்குள் அடங்கிவிடும். சட்டம் இருந்தும் இல்லாததாகும். நமக்குப் பொருந்துவது ஐரோப்பாவின் முதற்படியிலுள்ள 11 கிலோவாட். அன்றாடம் வேலைக்குச் செல்வோர் ஓட்டும் 100, 110, 125 சி.சி. வண்டிகள் யாவும் அதற்குள் அடங்கும், 150 சி.சி. வண்டிகளிலும் சில அடங்கும். இரண்டாம் படிக்கு, வரிக்கும் இன்ஷியூரன்ஸுக்கும் ஏற்கெனவே உள்ள 350 சி.சி. என்ற கோட்டையே கொள்ளலாம். சர்க்கார் புதிதாக ஒரு கோடும் வரைய வேண்டியதில்லை. பணம் வாங்கும்போது பார்க்கிற கோட்டை உயிரைக் காக்கும்போதும் பார்த்தால் போதும்.

சட்டம் வருமட்டும் வாங்குகிறவர் என்ன செய்வது? நமது நகரத்தின் நிலைமையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டுகிறோம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைகளுக்காக லஸ் முனையிலும் பனகல் பார்க்கருகிலும் தடுப்பு வேலிகள் பாதையைப் பாதியாக்கியதை நாமெல்லோரும் கண்டோம். கச்சேரி ரோட்டிலும் உஸ்மான் ரோட்டிலும் காலை ஒன்பது மணிக்கு எந்த எஞ்சினுக்கும் கிடைப்பது இரண்டாவது கியர்தான். சென்னைப் போலீஸார் 2023 நவம்பரில் விதித்த வரம்போ இருசக்கர வாகனத்திற்கு மணிக்கு 50 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. அந்த ஐம்பதை எட்டுக் குதிரைச் சக்தியுள்ள வண்டியும் சிரமமில்லாமல் எட்டும். மயிலாப்பூரிலிருந்து அடையாறு போக நாற்பது குதிரைச் சக்தி எதற்கு? ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி பதினான்கு கஜத்திற்கு மேல் ஓடிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் மோதலின் வலிமை நான்கு மடங்காகிறது. புதிதாகப் பழகும் கை, பயந்தபோது பிடியை விடுவதற்குப் பதில் திருகிவிடும். சிறிய எஞ்சின் அந்தப் பிழையை மன்னிக்கும், பெரிய எஞ்சின் மன்னிக்காது.

எடையையும் மறக்கலாகாது. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி அமைந்தது முதல் திருவொற்றியூரின் பெயரை உலகறியச் செய்த புல்லட் வண்டியில் நமக்கெல்லோருக்கும் பெருமையுண்டு. இன்றைய 350 சி.சி. புல்லட்டின் சக்தி இருபது குதிரை மாத்திரமே. ஆனால் எடை இருநூறு கிலோவை நெருங்குகிறது. மந்தைவெளியின் ஒரு சந்தில் அதைத் திருப்பி நிறுத்துவது பழகாதவனுக்கு ஒரு தண்டனை. குறைந்த சக்தி என்பதும் எளிய வண்டி என்பதும் எப்போதும் ஒன்றல்ல. உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். சாய்ந்தால் ஒரு காலால் தாங்க முடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவின் இரும்பு மூடிகளும் தகடுகளும் வழுக்கும்போது நல்ல டயரும் நல்ல பிரேக்கும் பத்துக் குதிரைச் சக்தியை விட மேலானவை. பணம் மிஞ்சினால் அதிகக் குதிரைகளுக்குக் கொடாமல், ஏ.பி.எஸ். உள்ள அடக்கமான வண்டிக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற இரண்டு தலைக்கவசங்களுக்கும் கொடுப்பது விவேகம். இரண்டு என்று சொல்லுகிறோம். பின்னால் உட்காருகிற தங்கைக்கும் தலை ஒன்றுதான்.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருவோம். சிறிய வண்டியில் செல்பவரும் சாகவில்லையா என்பது முதல் கேள்வி. சாகிறார்கள், மிகப் பலர் சாகிறார்கள். நாட்டில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அவையே. குண்டும் குழியும், குடியும், தலைக்கவசமின்மையும், எதிர்த்திசையில் வருவதும் எந்த சி.சி.யையும் பார்ப்பதில்லை. 2022-இல் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் மாத்திரம் 50,029 பேர். படிமுறை லைசென்ஸ் சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. பழக்கமில்லாமையும் அளவு மீறிய சக்தியும் ஒரே கையில் சேரும் அபாயத்தை அது நீக்கும். அந்த ஒன்றே போதிய காரணம்.

ஏழைத் தொழிலாளிக்கு இது புதிய பாரமல்லவா என்பது இரண்டாவது. அல்ல. பால்காரரும், கொத்தனாரும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு சேர்க்கும் வாலிபரும் ஓட்டுவது முதற்படி வண்டிகளையே. அவர்களுக்குக் கூடுதலாக ஒரு பரீட்சையும் இல்லை. பாரம் விழுவது பல லக்ஷம் ரூபாய் கொடுத்துப் பெரிய வண்டி வாங்குகிறவர் மேல். அவர் இரண்டு வருஷம் காத்திருப்பதால் குடி முழுகிப் போகாது.

மூன்றாவது ஆக்ஷேபம் சுதந்திரத்தின் பெயரால் வருகிறது. வயது வந்தவன் எதை ஓட்டுவது என்பது அவன் இஷ்டம் என்கிறார்கள். தன் உயிர் ஒன்றே பந்தயமானால் இந்த வாதத்திற்குச் சிறிது மதிப்புண்டு. ஆனால் தெரு அவனுடையது மாத்திரமல்ல. கபாலீசுவரர் கோவிலுக்கு நடந்து செல்லும் பாட்டியும், பாண்டி பஜாரில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும் தாயும் அதில் சம உரிமை உள்ளவர்கள். பிறர் உரிமையை மிதித்துச் செல்வது சுதந்திரமாகாது. இரவு வேளையில் கடற்கரைச் சாலையில் பந்தயம் விடும் சிலரைப் பிடித்து அபராதம் போடுவதுடன் தம் கடமை தீர்ந்ததென்று அதிகாரிகள் திருப்தியடைவதும் சரியல்ல. அவர்கள் கையில் அந்த வண்டியை முதல் நாளே ஒப்படைத்தது நமது சட்டமல்லவா?

மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். அதைத் திருத்த வேண்டியது பார்லிமெண்ட். ஆனால் விபத்துக் கணக்கில் தமிழ்நாடு முதலிடம் பெற்ற பிறகு, டெல்லி விழிக்கும் வரையில் நாம் உறங்கலாகாது. இந்தத் திருத்தத்தைக் கோரிச் சட்டசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி அதை எடுத்துப் பேசட்டும். கோரிக்கை மூன்றே: கிலோவாட்டில் அளந்த முதற்படி லைசென்ஸ், இரண்டு வருஷம் குற்றமின்றி ஓட்டியவருக்கு அடுத்த படி, ஒவ்வொரு படிக்கும் அந்தந்த அளவு வண்டியிலேயே, எட்டுப் போடுவதோடு நில்லாமல், அவசர பிரேக்குப் பிடிப்பதையும் சோதிக்கும் பரீட்சை. பதினாறு வயதினருக்குள்ள செத்துப்போன 50 சி.சி. விதியை, குறைந்த வேகமுள்ள பாட்டரி வண்டிக்கு மாற்றி உயிர்ப்பிப்பதையும் ஆலோசிக்கலாம்.

பொதுவேலையில் ஈடுபட்ட நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவர்களின் வரவேற்புக்களில் தலைக்கவசமின்றி, மும்மூன்று பேராக, கொடி பிடித்து மோட்டார் சைக்கிள் ஊர்வலம் விடுவது எல்லாக் கட்சிகளிலும் வழக்கமாகிவிட்டது. பிறருக்குச் சட்டம் கோருகிறவர் முதலில் அந்த வழக்கத்தை விட வேண்டும்.

வேகமாகச் செல்லும் ஆசை வாலிபத்தின் இயல்பு. அதை நாம் குறை கூறவில்லை. நீந்தத் தெரியாதவனை முதல் நாளே நடுக்கடலில் இறக்குகிறவரைத்தான் குறை கூறுகிறோம். பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் தகப்பனாரும், லைசென்ஸ் எழுதித் தரும் சர்க்காரும் அந்தக் குற்றத்திற்கு ஆளாகாதிருப்பார்களாக.