விண்ணப்பமே வினையாகும்போது

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அண்மையில் மனவருத்தத்துடன் வந்தார். வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தவறாதவர் அவர். இருந்தும் வங்கி ஒன்று அவருக்குக் கடன் அட்டை தர மறுத்துவிட்டது. 'வங்கியின் உள்விதிகள்' என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம். அவரது கடன் அறிக்கையை வரவழைத்துப் பார்த்தோம். இரண்டே மாதங்களில் ஐந்து விண்ணப்பங்கள்! வணிக வளாகத்தில் ஒன்று, கைப்பேசிச் செயலிகளில் நான்கு.

கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவுடன், வங்கி நமது அறிக்கையைக் கடன் தகவல் நிறுவனத்திடம் கேட்டுப் பெறுகிறது. அவ்வாறு கேட்டதும் அறிக்கையில் பதிவாகிவிடுகிறது. குறுகிய காலத்தில் இப்பதிவுகள் பெருகினால், 300 முதல் 900 வரை கணக்கிடப்படும் சிபில் மதிப்பெண் குறையக்கூடும். விண்ணப்பித்தவர் பணமுடையில் இருக்கிறார் என்று அடுத்த வங்கி கருதுகிறது.

வங்கிகளின் எச்சரிக்கையைக் குறைகூற இயலாது. கடன் அட்டை என்பது பிணையில்லாக் கடன். கடன் கேட்பவரின் உண்மை நிலையை அறிய இயலாதபோது, வங்கிகள் வட்டியை உயர்த்துவதைவிடக் கடனையே மட்டுப்படுத்தும் என்று 1981-இல் பொருளியலாளர்கள் ஸ்டிக்லிட்ஸும் வைஸும் விளக்கினர். மேலும், 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கடன் அட்டை நிலுவைகளுக்கான இடர் மதிப்பை 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதற்கேற்பக் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டிய வங்கிகள், விண்ணப்பங்களைக் கடுமையாகச் சலிப்பதில் வியப்பில்லை.

ஆனால், 'இலவச அட்டை' என்று விண்ணப்பிக்கத் தூண்டுவோரும் வங்கிகளின் முகவர்களே. விண்ணப்பித்ததைக் குறையாகக் காண்பவையும் வங்கிகளே. காரணம் அறியாமல் மறுக்கப்பட்டவர் வேறு வங்கியை நாடுகிறார். அங்கும் ஒரு பதிவு சேர்கிறது.

மறுப்பதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி நெறிப்படுத்தியுள்ளது. 'உள்விதிகள்' என்பது காரணம் ஆகாது. விண்ணப்பம் பதிவாகும், மதிப்பெண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே முகவர் சொல்ல வேண்டும் என்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிழை இருந்தால் புகார் அளிக்கலாம். 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறலாம். மறுக்கப்பட்டவர் அடுத்த விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த அறிக்கையைப் படிப்பதுதான்.