மாத்திரைக்கு எவ்வளவு?

பால்வெட்டும் சகோதரி ஒருவர், மூன்று பிள்ளைகளின் தாய். மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போய்ச் சோகை. பட்டணத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து 85 வெள்ளி வாங்கிவிட்டார்கள். பில்லை நம் மேசையில் வைத்து, “கிராணி ஐயா, இதில் மருந்துக்கு எவ்வளவு?” என்றார். பில்லில் ஒரே வரி. நாம் என்ன சொல்வது?

இந்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் மருந்து எழுதுபவரே அதை விற்பவரும் ஆவார். டாக்டர்கள் எல்லோரையும் நாம் குறை கூறவில்லை, நல்லவர்கள் அநேகர். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையில் மலிவானதும் உண்டு, பகட்டான பெட்டியில் வருவதும் உண்டு. எதைக் கொடுப்பதென்று தீர்மானிப்பவருக்கே இலாபமும் என்றால், ஏழைப் பெண்ணின் பக்கம் யார் பேசுவது?

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், மருந்தும் அதில் அடக்கம். போய்வர ஒரு நாள் கூலி போகிறதே என்கிறார்கள் பெண்கள். நியாயம். அந்த நாளுக்குக் கூலி வேண்டுமென்று நிர்வாகத்திடம் சங்கம் கேட்டே ஆகவேண்டும்.

தனியாரிடம்தான் போவதானால், சகோதரிகளே, விலையைக் கேளுங்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்து விலையைப் பார்வைக்கு வைத்தாக வேண்டும் என்பது சட்டம். மலிவான மாத்திரை உண்டா என்றும் கேளுங்கள், வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று: அந்த மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்காதீர்கள். தேயிலை, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும்.