"போர்டு போச்சு" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்



இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடப் பழைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று இருக்கிறது. குயிலாப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு என் மனைவி அதை வைத்துத்தான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். போன மாதம் ஸட்ஜத்துக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். பழுது பார்க்கும் இடத்தில் ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன், "போன்லயே ஆப் இருக்கு மாமா, அதைத் தூக்கிப் போடுங்க" என்றான்.

திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நோயை அந்த இரைச்சலே சொல்லிவிடுகிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாகத் திருத்தும்போது 100 ஹெர்ட்ஸ் துடிப்பு மிஞ்சும். அதைச் சமன்செய்வது மின்தேக்கி. வருடக்கணக்கில் அதற்குள் இருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் துடிப்பு பாட்டோடு கலந்துவிடும். அவ்வளவுதான்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். மின்தேக்கியின் தலை உப்பியிருந்தது. அதே மைக்ரோஃபாரட், வோல்ட் குறையாமல், பிளஸ் மைனஸ் மாறாமல் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தேன். டீ, வடைக் காசுதான் செலவு. குமிழைத் திருப்பினால் வந்த கரகரப்பு, கடல் காற்று தந்த சீதனம். காண்டாக்ட் கிளீனரில் அதுவும் போயிற்று.

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டிலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் சேமித்த ஒலிகள் அழிந்துவிடும். கீபோர்டே செத்துவிட்டது என்று அதை மூலையில் போடுகிறோம்.

எல்லாவற்றையும் சரிசெய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிக்கென்றே செய்த சிப் எரிந்து, மாற்றுச் சிப்பும் கிடைக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும் போகி நெருப்பில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். பெரிய ஆம்ப்ளிஃபையர்களைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் நிற்கும்.

2022 டிசம்பரில் மத்திய அரசே பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. சட்டம், இணையதளம் எல்லாம் சரி. திறந்து பார்க்கும் கை வேண்டாமா?

இதில் என் குற்றமும் உண்டு. முப்பது வருடம் மின்தேக்கிக்குச் சூத்திரம் எழுதிப்போட்டேன், மனப்பாடம் செய்யவைத்தேன். ஒருநாளாவது ஒரு பழைய ரேடியோவைத் திறந்து உங்களுக்குக் காட்டினேனா? இல்லை. இன்று உங்களில் எத்தனையோ பேர் இன்ஜினியர்கள். வீட்டுப் பெட்டி ஊமையானால் புதுசுக்கு ஆர்டர் போடுகிறீர்கள். அதற்கு நானும் பொறுப்பு.

அந்தக் கடனை இப்போதாவது அடைக்கிறேன். ஞாயிறு காலை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். பரணில் கிடக்கும் சுருதிப் பெட்டி, கீபோர்டு எதுவானாலும் எடுத்துவாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். சால்டரிங் அயர்ன் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்