பங்கை விற்பவர் யார்?

பங்கு வெளியீட்டின் கடைசி நாள், மாலை நாலரை மணி. கைபேசியில் யூபிஐ கோரிக்கை வந்து காத்திருக்கிறது. ஐந்து மணிக்குள் ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பம் செல்லாது. ஒரு லாட் ஏறக்குறைய 15 ஆயிரம் ரூபாய். "கிரே மார்க்கெட்டில் எவ்வளவு போகுது?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி. பதில் வந்ததும் ரகசிய எண்ணை அழுத்திவிடுகிறார்கள். இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

2024 அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியா வெளியீட்டையே பார்க்கலாம். 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்டதிலேயே பெரியது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் நிறுவனம்தான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்த ஆலைக்கு வரவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன்னிடம் இருந்த பங்குகளில் 17.5 சதவீதத்தை விற்றது, பணமும் அங்கேயே போனது. 'ஆஃபர் ஃபார் சேல்' என்று இதைச் சொல்வார்கள். சட்டப்படி இதில் தவறே இல்லை. ஆனால் வீட்டை விற்பவர் விலை ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் விற்பார். 1,960 ரூபாய்க்கு வந்த பங்கு, பட்டியலான அன்றே சுமார் 7 சதவீதம் இறங்கியது.

எல்ஐசி வெளியீட்டின் கதை இன்னும் நெருக்கமானது. 2022 மே மாதம் மத்திய அரசு தன் பங்கில் 3.5 சதவீதத்தை விற்று 20,557 கோடி ரூபாய் எடுத்தது. இதுவும் முழுக்க விற்பனைதான். பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி என்றதும், பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்கள் டீமேட் கணக்கு தொடங்கினார்கள். அவர்களுக்கு விழுந்த விலை 889 ரூபாய். மே 17 காலை மும்பை பங்குச் சந்தையில் வர்த்தகம் தொடங்கியது 867 ரூபாயில். வெளியீட்டு விலையான 949ஐ அந்தப் பங்கு தாண்ட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை பேரும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

பொதுவாகவே பலரும் காத்திருப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரையிலான வெளியீடுகளை பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஆராய்ந்தது. தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த பங்குகளில், மதிப்பின்படி பாதியை ஒரே வாரத்தில் விற்றிருந்தார்கள். இந்த அவசரத்தில் நிறுவனம் எப்படிப்பட்டது என்றுகூடப் பலர் பார்ப்பதில்லை. டெல்லியில் இரண்டு யமஹா ஷோரூம்களும் எட்டு ஊழியர்களும் மட்டுமே கொண்ட ஒரு நிறுவனம் 2024 ஆகஸ்டில் 12 கோடி ரூபாய் கேட்டது. விண்ணப்பங்கள் வந்தது சுமார் 4,800 கோடி ரூபாய்க்கு!

பங்கில்தான் இந்தப் பதற்றம், கடன் பத்திரம் பத்திரமானது என்று நினைப்பவர்கள் யெஸ் பேங்க் விவகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த வங்கியின் பெயரில் விற்கப்பட்டவை, வங்கி நொடித்தால் மற்ற பத்திரங்களுக்கு முன்பே அடிவாங்கும் ஏடி-1 வகைப் பத்திரங்கள். அதனால்தான் வட்டியும் கூடுதல். பிக்ஸட் டெபாசிட் வைத்திருந்த வாடிக்கையாளர்களிடமே, அதைவிட மேலான டெபாசிட் போலச் சொல்லி விற்கப்பட்டதாக செபி 2021இல் கண்டறிந்தது. 2020 மார்ச்சில் வங்கியை மீட்டபோது 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தப் பத்திரங்கள் ஒரே முடிவில் பூஜ்யமாக்கப்பட்டன. பங்குதாரர்களிடமாவது பங்கு மிஞ்சியது. மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவருக்கு வழக்கு ஓடும் ஒவ்வொரு வருடமும் ஒரு வயது.

விவரமெல்லாம் வெளியீட்டு ஆவணத்தில் இருக்கிறது என்று பதில் வரும். இருக்கிறது, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே. ஒப்புதல் பொத்தான் இருக்கும் அதே திரையில், அதைவிடப் பெரிய எழுத்தில் இரண்டு வரி போடச் சொல்லி செபி உத்தரவிடலாம். பங்கு என்றால், நீங்கள் போடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நிறுவனத்துக்கு இவ்வளவு, விற்பவருக்கு இவ்வளவு. பத்திரம் என்றால், நிறுவனம் நொடித்தால் பணம் திரும்பும் வரிசையில் உங்கள் இடம் எத்தனையாவது. நாலரை மணிக்குக் கைபேசியை எடுப்பவருக்கு அதைப் படிக்க அரை நிமிடம் போதும்.