அழிந்த ஒளிநாடாக்களும் விதைநெல்லும்

பிரிட்டனின் பி.பி.சி. 1963-ம் ஆண்டு தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் கற்பனைத் தொடரில், முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான பகுதிகள் பல இன்று இல்லை. தீயிலோ வெள்ளத்திலோ போகவில்லை, நிறுவனமே அழித்தது.

ஒளிநாடா அன்று விலை அதிகம். அழித்துவிட்டு அதிலேயே மீண்டும் பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தத்தால் மறு ஒளிபரப்புக்கு வரம்பும் இருந்தது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைக்கு மதிப்புக் குறைந்தது. நாடாவை மறுபடி பயன்படுத்தியதைச் சிக்கனம் என்றே கொள்ளலாம்.

ஏற்க முடியாதது வேறு. பொறியியல் பிரிவு நாடாக்களை அழித்தது. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த படச்சுருள் பிரதிகளை, உரிமக் காலம் முடிந்ததென்று விற்பனைப் பிரிவு அழித்தது. எது கடைசிப் பிரதி என்று பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை. விதைநெல் அடுத்த வீட்டுக் குதிரில் இருக்குமென்று நம்பி இரு வீட்டாரும் குத்திச் சமைத்தால் என்ன ஆகும்? 1978-ம் ஆண்டு வாக்கில்தான் அழிப்பு நின்றது.

மீண்டவற்றில் பல, வெளியே போனவையே. நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடந்த சுருள்களிலிருந்து ஒன்பது பகுதிகள் கிடைத்ததாக 2013-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஒலி மட்டும் எல்லாப் பகுதிகளுக்கும் உண்டு. அது, வீட்டில் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்ட இரசிகர்களின் உபயம்.